கீழ் இலையா, கொழுந்தா? காய்க்கும் தக்காளிச் செடியின் இலைகளைக் காப்பாற்றும் முறை

முதல் கொத்துக் காய்கள் நெல்லிக்காய் அளவுக்கு வந்திருக்கும். அதுவரை தளதளவென்று நின்ற செடியில் அடி இலைகள் அந்த வாரத்திலிருந்துதான் மஞ்சளாகத் தொடங்கும். முதலில் இரண்டு இலை, நான்கு நாளில் ஆறு இலை. பிறகு மஞ்சள் மெல்ல மேலே ஏறும். காய் சிவக்கும் நேரத்தில் செடியில் காயும் தண்டும் மட்டும் மிஞ்சும். மறைக்க இலை இல்லாத காய்களில் வெயில் பட்ட பக்கம் வெளுத்து, காகிதம்போல் சுருங்கிவிடும்.

தாம்பரத்தை ஒட்டிய எங்கள் வீட்டு மாடியில் மூன்று ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்தில், 12 செடிகளில் 9 செடிகள் இப்படித்தான் போயின. அடுத்த ஆண்டு அதே மாடி, அதே விதை, அதே பைகள். மார்கழி கடைசி வரை இலை பச்சையாக நின்றது. கடைசிக் கொத்துக் காயும் இலை நிழலிலேயே பழுத்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் நான் மாற்றியவற்றை இங்கே எழுதுகிறேன்.

விதைப்பது, நாற்று நடுவது, குச்சி ஊன்றுவது எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. உங்கள் செடி நட்டு, வளர்ந்து, காய் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். நான் வளர்ப்பது பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கிய ரகம். கூடவே மூன்று பைகளில் கொடிபோல் ஏறும் செர்ரித் தக்காளியும் உண்டு. இரண்டின் வளர்ச்சி முறையும் வேறு. இலை கிள்ளும் இடத்தில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

மஞ்சள் ஏன் கீழிருந்து ஏறுகிறது?

காய்க்குத் தேவையான சர்க்கரையில் பெரும்பகுதி இலையில்தான் உருவாகிறது. ஒவ்வொரு காய்க்கொத்தும் பெரும்பாலும் தனக்கு மேலும் கீழும் உள்ள இலைகளிடமிருந்துதான் உணவை வாங்குகிறது. அதோடு காய்க்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும், சாம்பல் சத்து (பொட்டாசியம்) நிறைய வேண்டும். வேர் அதைப் போதுமான அளவுக்குக் கொண்டுவர முடியாதபோது, செடி தன் பழைய இலைகளில் சேர்த்து வைத்ததை எடுத்து மேலே அனுப்புகிறது. தழைச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் மூன்றும் இப்படி இடம்விட்டு இடம் நகரக்கூடியவை. எனவே இவற்றில் எது குறைந்தாலும் அடி இலைதான் முதலில் காட்டும்.

சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) இரும்புச் சத்தும் அப்படியல்ல. ஓர் இலைக்குள் போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். அவை குறைந்தால் பழைய இலைகள் பச்சையாகவே இருக்க, கொழுந்து வாடும் அல்லது வெளுக்கும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி போடும் என் பெரியப்பா. 9 செடிகள் போன பிறகு தொலைபேசியில் அழுகை வராத குறையாகப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏன் கண்ணு, மஞ்சளாவது கீழ் இலையா, கொழுந்தா?" என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரம் தினமும் செடி முன்னால் நின்றிருக்கிறேன். உரம் ஊற்றிய நாள், அளவு எல்லாம் குறிப்பேட்டில் இருந்தன. எந்த இலை முதலில் நிறம் மாறியது என்று மட்டும் நான் பார்க்கவே இல்லை.

படி 1: பசியா, நோயா, வெயிலா என்று பிரியுங்கள்

எதையும் ஊற்றுவதற்கு முன் செடியின் முன்னால் உட்கார்ந்து, அடியிலிருந்து நுனி வரை ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பாருங்கள். காலை வெயிலில், இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் நரம்பின் நிறம் தெளிவாகத் தெரியும்.

அடி இலைகள் படகுபோல் மேல்நோக்கிச் சுருண்டு, தடித்து, ஆனால் பச்சையாகவே இருந்தால் அது வெயிலுக்கும் தண்ணீர் ஏற்றத்தாழ்வுக்கும் செடி காட்டும் எதிர்வினை. காய் பாதிக்கப்படாது. எதுவும் செய்ய வேண்டாம்.

கொழுந்து இலைகள் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிச் சுருண்டு, செடி வளராமல் குறுகி நின்றால் அது இலைச் சுருட்டு வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. எந்த உரமும் அதை மாற்றாது. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அந்தச் செடியைப் பிடுங்கி, ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பக்கத்துச் செடிகளைக் காப்பாற்ற வேறு வழி இல்லை.

அடி இலையில் வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளி விழுந்து, அதைச் சுற்றி மஞ்சள் படர்ந்தால் அது இலைக்கருகல். பூஞ்சையால் வருவது. அந்த இலைகளை எடுத்துவிட்டு, லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கலந்து தெளிக்கலாம். மண்ணிலிருந்து மழைத்துளி தெறித்துத்தான் பெரும்பாலும் இது ஏறுகிறது. பைக்குள் மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் காய்ந்த இலைதழை, போட்டிருந்தால் இது குறையும்.

இந்த மூன்றும் இல்லையென்றால் பசிதான். ஆனால் எந்தப் பசி?

அடி இலை நரம்பு உட்பட முழுவதும் ஒரே சீராக வெளிர் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. அடி இலையின் ஓரம் மட்டும் தீய்ந்ததுபோல் பழுப்பானால் சாம்பல் சத்துக் குறைவு. அடி இலையில் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடையில் உள்ள பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு. அதே நரம்புப் பச்சையும் இடை மஞ்சளும் கொழுந்தில் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. கடைசி இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இடம்தான் வேறு. பெரியப்பாவின் கேள்வி இதற்காகத்தான்.

படி 2: தண்ணீர்

சுருக்கமாகவே சொல்கிறேன். விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்க்கும் செடிக்கு வெயில் நாளில் தினமும், பங்குனிக்கு மேல் இரண்டு வேளையும் தண்ணீர் தேவைப்படும். கார்த்திகை மழையில் நான்கு நாள் ஒரு சொட்டுக்கூடத் தேவைப்படாது.

மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியது பையின் அடித்துளை. அது அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறி இலை மஞ்சளாகும். அதைப் பசி என்று நினைத்து உரம் ஊற்றினால் வேர் இன்னும் கெடும். ஆடியில் விதைத்தால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் காய்க்கும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களும் அவைதான். பையில் உள்ள தழைச்சத்தும் மெக்னீசியமும் அந்த மழையில் கரைந்து அடித்துளை வழியாக வெளியேறிவிடும். செடிக்கு அதிகம் தேவைப்படும் மாதத்தில் மண்ணில் குறைவாக இருக்கும். மழை விட்ட மறுநாள் நான் பைகளை ஒரு சுற்றுப் பார்க்காமல் இருப்பதில்லை.

படி 3: தழைச்சத்து, அளவோடு

என் விருப்பம் கடலைப் புண்ணாக்கு. 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, கரைத்து, 10 லிட்டராக்கி, செடிக்கு அரை லிட்டர் ஊற்றுகிறேன். 10 நாளுக்கு ஒரு முறை. அதனுடன் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைச் சேர்த்து ஊறவைத்தால் தழைச்சத்து மெதுவாக வெளிவரும், வேர்ப் பூச்சிகளும் குறையும். மாதம் ஒரு முறை மேல்மண்ணைக் கிளறி இரண்டு கை மண்புழு உரம். இவ்வளவுதான்.

மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்த மீன் அமிலம், பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்த பஞ்சகவ்யா இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன். மீன் அமிலம் லிட்டருக்கு 5 மி.லி., பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மி.லி. ஒரு வாரம் இது, மறு வாரம் அது. ஆனால் இவை புண்ணாக்குக்கும் தொழு உரத்துக்கும் மாற்று அல்ல. மண்ணில் சத்தே இல்லாத செடிக்கு இலைவழித் தெளிப்பு மட்டும் கொடுத்துக் காப்பாற்ற முடியாது.

காய்க்கும் காலத்தில் தழைச்சத்து மிஞ்சினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டு அடி இலை மஞ்சளானதைக் கண்டு வாரம் இரண்டு முறை புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றினேன். மேலே கரும்பச்சையில் பெரிய பெரிய இலைகள் வந்தன. நுனி கீழ்நோக்கி வளைந்தது. அசுவினி மொய்த்தது. பூக்கள் காம்போடு உதிர்ந்தன. அடி இலைகளின் மஞ்சளோ அப்படியே இருந்தது. காரணம் அடுத்த படியில் இருக்கிறது. இந்தப் பதிவில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க முடியும் என்றால் அதைப் படியுங்கள்.

படி 4: நான் தடுமாறிய இடம், மெக்னீசியம்

புண்ணாக்கு பயன் தராததால், காய்க்கும் செடிக்குச் சாம்பல் சத்து வேண்டும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த விறகுச் சாம்பலைப் பைக்கு இரண்டு கை தூவினேன். வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரை மூன்று நாளுக்கு ஒரு முறை ஊற்றினேன். என் மண் கலவையில் பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவு.

மூன்றும் ஒரே திசையில் வேலை செய்தன. தென்னை நார்க்கழிவு இயல்பாகவே சாம்பல் சத்தையும் சோடியத்தையும் பிடித்து வைத்திருக்கும். நாம் கொடுக்கும் மெக்னீசியத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் அது பிடித்துக்கொண்டு, தன்னிடம் உள்ள சாம்பல் சத்தை மண்ணுக்குள் விடும். அதன் மேல் சாம்பலும் வாழைத்தோலும். வேரின் வாசலில் சாம்பல் சத்து கூட்டமாக நின்றால் மெக்னீசியம் உள்ளே நுழைய முடியாது. இலைப் பச்சையத்தின் நடுவில் இருப்பதே மெக்னீசியம்தான். அது வேர் வழியாக வராவிட்டால் செடி அடி இலையின் பச்சையத்தைப் பிரித்து, அதில் உள்ள மெக்னீசியத்தை மேலே கொண்டுபோகும். நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் மாறுவது இப்படித்தான். காய்ச் சுமை ஏறும் வாரத்தில் இது திடீரென்று தெரிவதற்கும் இதுவே காரணம்.

நான் சாம்பல் தூவத் தூவ மஞ்சள் வேகமாக ஏறியது. செடிக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தேன். அந்த 9 செடிகளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

இப்போது செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நிறுத்த வேண்டியவை: சாம்பல், வாழைத்தோல் தண்ணீர், பூச்செடிக்கு என்று விற்கும் சாம்பல் சத்து மிகுந்த உரம், மூன்றும். குறைந்தது மூன்று வாரம்.

அடுத்து, பையைக் கழுவுங்கள். மழை இல்லாத நாளில், அடித்துளை வழியாகத் தண்ணீர் நன்றாக வடியும் வரை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒரு முறை போதும். தேங்கிய உப்பு வெளியேறும். பை அடியில் வழியும் நீர் தேநீர் நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம், நார்க்கழிவின் சாயம் அது.

இரண்டு நாள் கழித்து எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட். மருந்துக் கடையிலும் கிடைக்கும், உரக்கடையிலும் கிடைக்கும். உரக்கடையில் விலை குறைவு. லிட்டருக்கு 5 கிராம். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய அந்த அளவுதான், ஆனாலும் நான் தராசில்தான் நிறுக்கிறேன். வெயில் இறங்கிய பிறகு, மாலை 5 மணிக்கு மேல், இலையின் மேற்பக்கத்தை விட அடிப்பக்கம் நன்றாக நனையும்படி தெளியுங்கள். இலை வழியாகக் கொடுப்பதற்குக் காரணம், வேரின் வாசல் இன்னும் அடைத்திருப்பதுதான். ஏழு நாள் கழித்து இன்னொரு முறை. பிறகு நிறுத்திவிட்டுக் கவனியுங்கள்.

என்ன எதிர்பார்க்கலாம்? முழுவதும் மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. ஓரளவு மங்கிய நடு இலைகள் 10 நாளில் தெளியத் தொடங்கும். நீங்கள் பார்க்க வேண்டிய அடையாளம் வேறு: மஞ்சள் மேலே ஏறுவது நின்றதா? அதற்கு நான் ஒரு நூலைக் கட்டுகிறேன். மஞ்சள் எந்த இலை வரை வந்திருக்கிறதோ அந்தக் காம்பில் சிவப்பு நூல். 10 நாளில் நூலுக்கு மேல் உள்ள இலை பச்சையாக இருந்தால் நாம் சரியான வழியில் இருக்கிறோம்.

அடுத்த பயிருக்கு மண் கலவையை மாற்றுங்கள். நார்க்கழிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தெடுங்கள். கரைந்த உப்பு இதில் போகும், நாரோடு ஒட்டியிருப்பது முழுவதும் போகாது. மீதி இரண்டு பங்கில் செம்மண்ணும் நன்கு மட்கிய தொழு உரமும் சம அளவு. எடை கூடும் என்பது உண்மை. மாடியின் தாங்குதிறனைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நார்க்கழிவு மட்டும் நிறைந்த இலகுவான பைகளில் காய்க்கும் தக்காளியை நான் இனி வளர்க்க மாட்டேன். கீரைக்கு அது நல்லது. தக்காளிக்குப் போதாது.

*பின்சேர்க்கை:* இதைப் படித்த கோவை வாசகர் ஒருவர் எப்சம் உப்பையும் மீன் அமிலத்தையும் ஒன்றாகக் கலந்து பகல் 11 மணிக்குத் தெளித்திருக்கிறார். இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. தயவுசெய்து எப்சம் உப்பைத் தனியாகத் தெளியுங்கள், மாலையில் தெளியுங்கள். கால்சியம் நைட்ரேட் வைத்திருப்பவர்களும் இரண்டையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கரையாத வெண்படிவு உருவாகித் தெளிப்பானை அடைக்கும்.

*இன்னொரு பின்சேர்க்கை:* நன்றாக வேலை செய்கிறது என்று வாரம் தவறாமல் இரண்டு மாதம் எப்சம் உப்பை மண்ணில் ஊற்றிய ஒருவர், காயின் அடிப்பக்கம் கருத்து அழுகுகிறது என்று படம் அனுப்பினார். அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு. மெக்னீசியம் மிஞ்சினால் சுண்ணாம்புச் சத்தை உள்ளே விடாது. சாம்பலை வைத்து நான் செய்த அதே தவறு இது. குறை தெரிந்தால் மட்டும், இரண்டு முறை மட்டும்.

படி 5: கொழுந்து வெளுத்தால்

இந்தப் படி முதலில் இந்தப் பதிவில் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி, தன் செடியில் அடி இலை பச்சையாகவும் கொழுந்து எலுமிச்சை மஞ்சளாகவும் இருக்கிறது, எப்சம் தெளித்தும் மாறவில்லை என்று எழுதினார். கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புப் பாறை. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், மண்ணின் காரத்தன்மை ஏறும். காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கும் இதே சிக்கல் வருகிறது. பையின் மேல்மண்ணிலும் விளிம்பிலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

உடனடித் தீர்வுக்கு உரக்கடையில் கிடைக்கும் கொடுக்கிணைப்பு இரும்பை (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள 'செலேட்' இரும்பு), அட்டையில் சொன்ன அளவில் ஒரு முறை தெளிக்கலாம். நிலையான தீர்வு தண்ணீரில்தான் இருக்கிறது. மழைநீரைப் பிடித்து வைத்து வாரம் இரண்டு முறையாவது அதை ஊற்றுங்கள். மட்கிய உரத்தைக் கூட்டுங்கள். சாம்பல் பக்கமே போகாதீர்கள், அது காரத்தன்மையை இன்னும் ஏற்றும். யாழ்ப்பாண வாசகி மழைநீருக்கு மாறிய பிறகு வந்த கொழுந்துகளின் படத்தை அனுப்பியிருந்தார். நல்ல பச்சை. அன்று முழுவதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

படி 6: எந்த இலையைக் கிள்ளலாம்?

இலையைக் காப்பாற்றுவது பற்றி எழுதிவிட்டு இலையைக் கிள்ளச் சொல்வது முரணாகத் தோன்றலாம். மண்ணைத் தொடும் இலைகளைக் கட்டாயம் எடுக்க வேண்டும். கருகல் நோய் ஏறும் ஏணி அவை. பாதிக்கு மேல் மஞ்சளான இலைகளையும் எடுக்கலாம். அதற்கு மேல் போகாதீர்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளில் பசுமைக் குடிலுக்குள் தக்காளியின் அடித்தண்டை மொட்டையாக வழித்துவிடுவதைக் காட்டுவார்கள். அங்கே 10 அடி, 15 அடி ஏறும் கொடி ரகம், வடிகட்டிய வெயில். நம் மாடியில் தையிலேயே காய் வெந்துவிடும். பி.கே.எம். 1 போன்ற குட்டை ரகம் குறிப்பிட்ட அளவு வளர்ந்து, நுனியில் பூவெடுத்து நின்றுவிடும். பக்கக் கிளைகள் எல்லாவற்றிலும் காய் வரும். அதில் பக்கக் கிளையைக் கிள்ளினால் இலையும் போகும், காயும் போகும். கிள்ளவே கிள்ளாதீர்கள். கொடிபோல் ஏறும் செர்ரித் தக்காளியில் மட்டும் இலைக் கக்கத்தில் வரும் கிளைகளை விரல் நீளம் வருவதற்குள் எடுத்துவிடுகிறேன். அதிலும் காய்க்கொத்தை ஒட்டிய இலைகளைத் தொடுவதில்லை.

ஒரே நாளில் ஒரு செடியிலிருந்து மூன்று இலைக்கு மேல் வேண்டாம். காலையில், பனி காய்ந்த பிறகு. கத்தரிக்கோலை விட விரல் நல்லது: காம்பை மேலே தூக்கிக் கீழே ஒடித்தால் அடியோடு சுத்தமாக வந்துவிடும். கத்தரிக்கோல் ஒரு செடியின் சாற்றை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். அதைத்தான் பயன்படுத்துவேன் என்றால் ஒவ்வொரு செடிக்கும் இடையில் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள்.

படி 7: இலையின் அடிப்பக்கம்

வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடியின் நுனி உயரத்தில் தொங்கவிடுங்கள். நான்கு செடிக்கு ஓர் அட்டை. வாரம் ஒரு முறை மாலையில் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்கக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். எப்சம் தெளித்த நாளில் இதைத் தெளிக்க வேண்டாம், மூன்று நாளாவது இடைவெளி விடுங்கள். இலையில் வெள்ளைக் கோடு பாம்புபோல் வளைந்து போனால் உள்ளே புழு இருக்கிறது. கோட்டின் முனையை இரண்டு விரலால் நசுக்கினால் முடிந்தது. மாசியில் இலை மேல் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் செஞ்சிலந்தி. அதற்கு முதல் மருந்து தண்ணீர்தான். காலையில் இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள்.

என்னிடம் உள்ள கருவிகள்

நான்கே பொருள்கள். முதலாவது, காற்றழுத்திப் பயன்படுத்தும் 2 லிட்டர் தெளிப்பான். விசையை அழுத்தி அழுத்தித் தெளிக்கும் சிறிய குப்பியில் இலையின் அடிப்பக்கத்தை நனைக்கவே முடியாது, கையும் வலித்துவிடும். தெளிப்பவர்கள் பலர் மேற்பக்கத்தோடு நிறுத்திவிடுவதற்கு அந்தக் குப்பிதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டாவது, கிராம் காட்டும் சமையலறைத் தராசு. மூன்றாவது, பழைய வேட்டியைக் கிழித்த நாடா. காய்ச் சுமையில் கிளை சாயும்போது சணல் கயிறும் பிளாஸ்டிக் கயிறும் தண்டை அறுத்துவிடும். அறுபட்ட கிளையின் இலை எவ்வளவு உரம் போட்டாலும் வாடும். துணி அறுக்காது. நான்காவது, சிவப்பு நூல். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான காரத்தன்மை மானியை வாங்கிப் பார்த்தேன். ஒரே பையில் மூன்று இடத்தில் மூன்று அளவு காட்டியது. அந்தப் பணத்தை வேப்பம் புண்ணாக்குக்குச் செலவிடுங்கள்.

கடைசியாக வந்த கேள்வி

"எல்லாம் செய்தேன். மார்கழி கடைசியில் செடி முழுவதும் மஞ்சளாகிறது. என்ன ஊற்றுவது?" என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டிருந்தார். எப்போது விதைத்தீர்கள் என்று கேட்டேன். ஆடி நடுவில், பி.கே.எம். 1. அந்த ரகத்தின் வயதே ஏறக்குறைய 135 நாள். அவர் செடி அதைத் தாண்டிவிட்டது. இருக்கும் சத்தைக் காய்களுக்குக் கொடுத்துவிட்டு இலை உதிர்கிறது. ஒன்றும் ஊற்ற வேண்டாம், தண்ணீரை மட்டும் பாதியாகக் குறைத்து, காய்கள் பழுக்கும் வரை விட்டுவிடுங்கள் என்று எழுதினேன். கடைசிக் காயைப் பறித்த பிறகு செடியை வேரோடு பிடுங்கி வேரைப் பாருங்கள். சிறு சிறு முடிச்சுகள் இருந்தால் நூற்புழு, வேருக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. அந்தப் பை மண்ணில் அடுத்து தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம். துலுக்கச் சாமந்தி போடுங்கள். வேர் வெள்ளையாகச் சுத்தமாக இருந்தால் அந்த மண்ணை வெயிலில் காயவைத்து, ஒரு பங்கு தொழு உரம் சேர்த்து, தைப் பட்டத்துக்குத் தயார் செய்யலாம்.